பரவைக்கடலோரத் தொடர்மாடியில் குடியேறுவோருக்கு: யாழ்ப்பாணத்தில் வீடு பார்ப்பதும் நடந்து பார்ப்பதும்

யாழ்ப்பாணத்தில் பரவைக்கடலோரமாக, அதாவது கடல்நீரேரிக் கரையில், மாடிவீடு தேடுகிறவர்கள் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். விலை என்ன? பல்கனியில் நின்றால் கடல் தெரியுமா? இரண்டுக்கும் தரகர் உடனே பதில் சொல்லிவிடுவார். அவரைத் திணற வைக்கும் கேள்விகள் வேறு இருக்கின்றன. குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவுத் தண்ணீர் எங்கே போகிறது, சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எந்தச் சுவரில் அடிக்கிறது? இந்த மூன்றுக்கும் ஒழுங்கான பதில் கிடைத்தால் மிச்சமெல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை.

கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ இங்கே குடிவர நினைப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வெள்ளவத்தை மாடிகளில் இருந்து பழகியவர்களுக்கு லிஃப்டும் காவலாளியும் புதிதல்ல. ஆனால் வெள்ளவத்தையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், அது எங்கிருந்து வருகிறது என்று யாரும் யோசிப்பதில்லை. இங்கே யோசித்தே ஆக வேண்டும்.

எந்தக் கரை?

யாழ் நகரின் தெற்கிலும் மேற்கிலும் கடல்நீரேரி. மேற்குப் பக்கம் நாவாந்துறை, கொட்டடி, பண்ணை. தெற்குப் பக்கம் குருநகர், பாசையூர், கொழும்புத்துறை, பிறகு அரியாலை. வரைபடத்தில் ஒரே கரைதான். இருந்து பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊர்.

பண்ணைப் பக்கம் என்றால் போதனா வைத்தியசாலை, பேருந்து நிலையம், பொது நூலகம், கோட்டை எல்லாம் கிட்டத்தான். வயதான தாய் தகப்பனோடு வருகிறவர்களுக்கு இந்தப் பக்கத்தைத்தான் சொல்வேன். குருநகரும் பாசையூரும் கடற்றொழிலாளர் ஊர்கள். விடியமுன்னரே படகு இயந்திரச் சத்தம் கேட்கும், பிறகு மீன் ஏலம் கூறுவார்கள், ஆனியில் பாசையூர் அந்தோனியார் திருவிழா வரும். புதிய மாடிகளில் குடியேறிவிட்டு, மீன் மணக்கிறது என்று முறைப்பாடு எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். துறை தலைமுறை தலைமுறையாக அங்கே இருக்கிறது, மாடி நேற்று வந்தது. மணம் ஒத்துவராது என்றால் அரியாலைப் பக்கம் போங்கள். அங்கே வயல் உண்டு, கண்டல் உண்டு, அமைதி உண்டு. ஆனால் ஓட்டோவோ மோட்டார் சைக்கிளோ இல்லாமல் காரியம் ஓடாது.

கடல்தான் வேண்டும் என்று இல்லாதவர்கள் நகரத்துக் குளங்களின் பக்கமும் பார்க்கலாம். 2021 இல் திருத்தியமைக்கப்பட்ட ஆரியகுளத்தைச் சுற்றி இப்போது நடைபாதை இருக்கிறது. நூலகத்துக்கு அருகே புல்லுக்குளம், அதன் ஓரத்தில் இந்திய உதவியோடு எழுந்த பண்பாட்டு மையத்தின் 11 மாடிகள். உப்புக்காற்று இங்கே குறைவு, நுளம்பு அதிகம்.

எந்தக் கரையானாலும் இரண்டு தடவை பாருங்கள், ஆவணியில் ஒருமுறை, கார்த்திகையில் ஒருமுறை. வெளிநாட்டிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்கள் வறண்ட முகத்தை மட்டும் பார்க்கிறார்கள், நத்தார் விடுமுறைக்கு வருகிறவர்கள் ஈர முகத்தை மட்டும் பார்க்கிறார்கள். பரவைக்கடல் ஆழமில்லாதது, பல இடங்களில் இடுப்பளவுகூட வராது. ஆவணியில் கரை வற்றி, ஒதுங்கிய சாதாளை என்ற கடற்புல் வெயிலில் அழுகும். அந்த நாற்றத்தோடு இரண்டு மாதம் இருக்க முடியுமா என்பதை அந்த மாதத்தில் போய் நின்றுதான் முடிவு செய்யலாம்.

கார்த்திகை வேறு கதை. யாழ்ப்பாணத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். 2008 இல் நிஷா, 2020 இல் புரெவி, 2024 இல் ஃபெங்கல் என்று புயல்கள் வந்ததும் நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கத்தில்தான். கட்டடக்காரரிடம் வெள்ளம் பற்றிக் கேட்காதீர்கள், சந்திப் பெட்டிக்கடையில் கேளுங்கள். "இஞ்சை மட்டும் வந்தது தம்பி" என்று கடைக்கார ஐயா தன் கடைச்சுவரில் கையை வைத்துக் காட்டுவார். அந்த உயரத்தை மனதில் வைத்துக்கொண்டு மாடியின் அடித்தளத்துக்குப் போய், மின்பிறப்பாக்கியும் தண்ணீர் மோட்டரும் பிரதான மின்பலகையும் அதற்கு மேலே இருக்கின்றனவா கீழே இருக்கின்றனவா என்று பாருங்கள். கீழே இருந்தால், வெள்ள நாட்களில் நீங்கள் ஐந்தாம் மாடியில் இருந்தும் பயனில்லை. கறண்டும் இராது, தண்ணீரும் ஏறாது.

காற்றும் வெயிலும்

வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம், மழையோடு வடகிழக்கிலிருந்து வாடை, இடையில் மேற்கிலிருந்து கச்சான். இதைத் தெரிந்துகொண்டுதான் முன்னோர் வீட்டு வாசலை வைத்தார்கள். மாடி கட்டுகிறவர்கள் காணியின் அகலத்தைப் பார்த்து வைக்கிறார்கள். சோளகம் கரையோர மாடிகளுக்குத் தண்ணீர்ப் பரப்பைத் தாண்டி நேராக வருகிறது. நல்ல காற்றுத்தான், மின்விசிறியே தேவைப்படாது. ஆனால் உப்பையும் கொண்டு வருகிறது. காலையில் தென்மேற்கு யன்னல் கண்ணாடியில் விரலால் கோடு இழுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். அதே உப்புத்தான் கதவுப் பிணைச்சலையும் குளிரூட்டியின் வெளிப்பெட்டியையும் துணி காயும் கம்பியையும் அரிக்கிறது.

ஆகவே ஒன்று, யன்னல் சட்டம் அலுமினியமாக இருக்கட்டும், பல்கனிக் கைப்பிடி துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும். இரும்புக் கிறில் அழகாக வண்ணம் பூசி இருந்தால், அடிப்பகுதியில் சுவரோடு சேரும் இடத்தைக் குனிந்து பாருங்கள். துரு அங்கேதான் தொடங்கும். இரண்டு, குளிரூட்டியின் வெளிப்பெட்டியைச் சோளகம் நேராக அடிக்காத சுவரில் பொருத்தச் சொல்லுங்கள், மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்.

மேற்குப் பார்த்த வீட்டுக்குத்தான் தரகர் கூடுதல் விலை சொல்வார், சூரியன் மறைவதைப் பார்க்கலாம் என்று. பார்க்கலாம்தான். ஆனால் அந்தச் சூரியன் மறைவதற்கு முன் மூன்று மணித்தியாலம் உங்கள் குசினிச் சுவரில் நின்றிருக்கும். என்னைக் கேட்டால் தெற்குப் பார்த்ததே மேல். காற்றும் வரும், கடலும் தெரியும், மின்பட்டியலும் கட்டக்கூடியதாக இருக்கும்.

தண்ணீர்

இங்கேதான் நேரம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

யாழ் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலேரியில் கலக்கும். நமக்கு உள்ள தண்ணீரெல்லாம் சுண்ணக்கல்லுக்குள் மழை இறங்கித் தேங்கி நிற்பது. அந்த நல்ல தண்ணீர் அடியிலுள்ள உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர்க் கணக்கு. மறுபுறம், மேலே ஓர் அடியை மோட்டர் வைத்து இழுத்துவிட்டால் கீழிருந்து உப்பு அதே கணக்கில் மேலே வரும். துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணறு ஊறுவதற்கு நேரம் கிடைத்தது. முப்பது வீட்டு மாடியொன்று ஒரே குழாய்க் கிணற்றில் பெரிய மோட்டரைப் போட்டு இரவும் பகலும் இழுத்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம். கரையோரத்தில் நல்ல தண்ணீரின் தடிப்பு ஏற்கெனவே குறைவு. பங்குனியில் நன்றாக இருந்த கிணறு ஆவணியில் சவர்த் தட்டும்.

ஆகவே வீடு பார்க்கப் போனால் செய்ய வேண்டியது இது. குசினிக் குழாயில் ஒரு குவளை பிடித்து வாயில் வைத்துப் பாருங்கள். பிறகு கைகழுவும் இடத்தில் சவுக்காரம் போட்டுப் பாருங்கள், நுரை எழும்பாமல் வெள்ளைத் திரியாகத் திரைந்தால் தண்ணீர் கடினம். ஏற்கெனவே குடியிருக்கிறவர் வீட்டில் கேத்திலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அடியில் வெள்ளைப் படை எவ்வளவு தடிப்பு என்பதே போதும், வேறு அறிக்கை வேண்டாம். அந்தப் படை சுண்ணாம்பு. உடம்புக்குப் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் சுடுநீர்க் கருவியையும் குளியல் பூவாளியையும் அடைத்துவிடும்.

வாயிலும் கேத்திலிலும் தெரியாத ஒன்று நைத்திரேற்று. தோட்டத்துப் பசளையும் மலசலகூடக் குழிக் கசிவும் சுண்ணக்கல் வழியே இறங்கிக் கிணற்றில் சேர்வது யாழ்ப்பாணத்தில் நீண்டகாலப் பிரச்சினை. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். கைக்குழந்தை உள்ள வீடு என்றால் ஆய்வுகூடத்தில் பரிசோதிக்காமல் கிணற்றுத் தண்ணீரில் பால்மா கரைக்காதீர்கள். சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு இங்கே எல்லோரும் தண்ணீர் விடயத்தில் சற்றுக் கூடுதல் சந்தேகத்தோடு இருக்கிறார்கள். இருப்பது நல்லதுதான்.

குழாய்நீர்? வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் என்ற கொள்ளளவில் அமைந்தது அது. உங்கள் மாடிக்கு தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் இணைப்பு இருக்கிறதா, ஒவ்வொரு வீட்டுக்கும் தனி மீற்றரா, எல்லோருக்கும் ஒன்றா என்று கேளுங்கள். ஒன்றுதான் என்றால் மாதக் கணக்கில் சண்டை நிச்சயம். இணைப்பு இருந்தும் கட்டடத்தார் அதைக் கிணற்றுத் தண்ணீரோடு ஒரே தாங்கியில் கலக்கிறார்களா என்பதையும் கேளுங்கள். கலந்தால் குழாய்நீருக்குக் காசு கட்டிக் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பீர்கள். மொட்டை மாடியில் இரண்டு தாங்கி, குசினிக்கு ஒரு குழாய், மற்றவற்றுக்கு வேறு குழாய் என்று இருப்பதே ஒழுங்கு. பவுசரில் தண்ணீர் வாங்கும் மாடி என்றால் அதன் செலவு பராமரிப்புக் கட்டணத்துக்குள் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கழிவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நகரில் நிலக்கீழ்க் கழிவுநீர்க் குழாய் வலையமைப்பு இல்லை. ஒவ்வொரு கட்டடமும் தன் குழியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். கரையோரத்தில் மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வரும்போது குழி ஊறி நிரம்பும். பவுசர் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வந்து உறிஞ்சுகிறது என்று காவலாளியிடம் கேளுங்கள். "மாரியிலை கிழமைக்கு ஒருக்கா அண்ணை" என்று அவர் சொன்னால், அந்தக் கட்டடத்தை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

உறுதியும் காசும்

காணி வாங்கிப் பழகிய நமக்கு மாடிவீட்டு உறுதி புதிது. பரப்புக் கணக்கு இங்கே இல்லை. உங்களுக்குச் சொந்தம் உங்கள் வீட்டின் சுவருக்குள் இருப்பது. படிக்கட்டு, கூரை, காணி, லிஃப்ட் எல்லாம் பங்காளிகளின் கூட்டுச் சொத்து. இதற்கான சட்டம் 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம், பிறகு திருத்தங்களும் வந்தன. அதன்படி தொடர்மாடி வரைபடம் காணிப் பதிவகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவானால் வீட்டுக்காரர் எல்லோரும் அங்கத்தவரான முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் உருவாகும். வரைபடம் பதிவாகாமல் "இப்ப முற்பணத்தைக் கட்டுங்கோ, உறுதி பிறகு முடிக்கலாம்" என்று சொன்னால், நீங்கள் வாங்குவது வீடல்ல, ஒரு வாக்குறுதி.

நொத்தாரிசிடம் போகுமுன் கையில் வைத்திருக்க வேண்டியவை: பதிவான வரைபடத்தின் பிரதி, காணியின் மூல உறுதி, வில்லங்கம் பார்த்த அறிக்கை, கட்டடம் அனுமதித்த படத்தின்படியே கட்டப்பட்டது என்று மாநகர சபை கொடுத்த சான்றிதழ், சோலைவரி பற்றுச்சீட்டு. கரையோரம் என்பதால் 1981 ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டத்தின்கீழ் அனுமதி எடுத்தார்களா என்றும் கேளுங்கள். கடற்கரையில் கரையிலிருந்து உள்ளே 300 மீற்றர் அந்தச் சட்டத்தின் வலயத்துக்குள் வரும். கடலேரிக்கும் அதற்குரிய எல்லை உண்டு.

இரண்டு இடத்தில் யாழ்ப்பாணத்துக்கே உரிய சிக்கல் வரும். மாடி நிற்கும் காணி பல பிள்ளைகளுக்குப் பிரிக்காமல் விட்ட முதுசமாக இருந்தால், யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைப்படி இணைப்பங்காளிகளுக்கு முற்கொள்வனவு உரிமை, அதாவது முதலில் வாங்கும் உரிமை, உண்டு. ஒருவர் தன் பங்கை வெளியாருக்கு விற்குமுன் மற்றவர்களுக்கு அறிவித்திருக்க வேண்டும். விற்பவர் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண்ணாக இருந்தால் கணவனின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். கனடாவில் இருக்கும் மூத்தவர், அவுஸ்திரேலியாவில் இருக்கும் தங்கச்சி என்று கையொப்பங்கள் உலகம் முழுதும் சிதறிக் கிடக்கும். அற்றோணித் தத்துவத்தில் ஒருவர் எல்லோருக்குமாகக் கையெழுத்திட்டிருந்தால், அந்தத் தத்துவம் பதிவு செய்யப்பட்டதா, இன்னும் செல்லுபடியாகுமா என்று பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர்களுக்குக் காணி எழுத 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தடை போடுகிறது. அதே சட்டம் நான்காம் மாடியிலும் அதற்கு மேலும் உள்ள தொடர்மாடி வீடுகளுக்கு விலக்கு அளித்தது, முழுத்தொகையும் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக முன்கூட்டியே வந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. 2018 இல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது, ஆகவே அன்றைய நிலையை நொத்தாரிசிடம் உறுதிப்படுத்துங்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். வீட்டு விலையைப் பேசும்போது இதை மறந்துவிட்டுப் பிறகு ஓடித்திரிகிறவர்கள் நிறையப் பேர்.

அவசரம் இல்லாதவர்கள் முதலில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பாருங்கள். ஒரு சோளகமும் ஒரு மாரியும் கடந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

குடிவந்த பிறகு

முற்றமும் வேலியும் கிணற்றடியும் இருந்த வாழ்க்கையிலிருந்து மாடிக்கு வருகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது மொட்டை மாடியில்தான். மிளகாய், மல்லி காய வைக்க, ஒடியல் காய வைக்க, மோர்மிளகாய் போட என்று எல்லா வீட்டு அம்மாமாருக்கும் ஒரே வெயில், ஒரே கூரை. யார் எந்த நாளில் பாய் விரிப்பது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுத்தாபனக் கூட்டங்களில் லிஃப்டைவிட இதுதான் அதிக நேரம் எடுக்கும். மிளகாய் இடிக்கும் நாளில் கீழ்வீட்டுக்குச் சொல்லிவிட்டு இடியுங்கள். தும்மல் மூன்று மாடி இறங்கும்.

செத்த வீட்டைப் பற்றியும் குடிவரும்போதே கேட்டுவிட வேண்டும். அபசகுனம் என்று பலர் கேட்பதில்லை. நம்முடைய வழக்கத்தில் உடலை வீட்டில் வைத்து, பந்தல் போட்டு, கிரியை முடித்துத்தான் எடுப்பார்கள். ஊரே வரும். எட்டடி பல்கனியில் அது நடக்காது. அடித்தளத்தில் மண்டபமோ திறந்த இடமோ இருக்கிறதா, அதை இதற்குக் கொடுப்பார்களா, நோயாளியைப் படுக்க வைத்தபடி கொண்டு இறங்க லிஃப்ட் நீளம் போதுமா? வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இவை வாகனத் தரிப்பிடத்தைவிட முக்கியம்.

மாரி முடியும் காலத்தில் டெங்கு. பூச்சாடித் தட்டு, குளிரூட்டியில் வடியும் தண்ணீர்க் கலன், மூடி சரியாகப் பொருந்தாத கூரைத் தாங்கி, இந்த மூன்றையும் வாரம் ஒருமுறை பாருங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து நுளம்புக் குடம்பி கண்டால் வழக்குத் தொடர்வார்.

நடக்கப் போவது

இனி மறுபாதி. யாழ்ப்பாணத்தில் மலையேற்றம் கிடையாது, குடாநாடு முழுதும் தட்டை. இங்கே நடையின் கடினம் ஏற்றத்தில் இல்லை, வெயிலிலும் எதிர்க்காற்றிலும் இருக்கிறது. காலை எட்டு மணிக்குமுன் அல்லது மாலை நாலரைக்குப் பின். சோளக காலத்தில் போகும்போது காற்றுக்கு எதிராகப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அது உங்களைத் தள்ளிவிடும். பனங்கூடலுக்குள் போவதானால் அடி தடித்த சப்பாத்து வேண்டும். விழுந்து கிடக்கும் மட்டையின் கருக்கு வாள்பல் போல ரப்பர்ச் செருப்பைக் கிழிக்கும், நெருஞ்சி அதைத் துளைக்கும்.

முதல் வாரத்துக்குக் கோட்டையும் பண்ணையும் போதும். போர்த்துக்கேயர் கட்டி, 1658 இல் ஒல்லாந்தர் பிடித்து ஐங்கோணமாகத் திருத்திய கோட்டை. அதன் கொத்தளத்தின் மேல் சுற்றி நடந்தால் ஒரு பக்கம் நகரமும் மறுபக்கம் கடலேரியும் தெரியும். இறங்கிப் பண்ணைக் கடற்கரை வழியாக மண்டைதீவுப் பக்கம் போகும் பாலத்தெருவில் நடக்கலாம். இரண்டு பக்கமும் தண்ணீர், நிழல் ஒரு துளியும் இல்லை. தீவகப் பேருந்துகள் வேகமாக வரும், ஆகவே வாகனத்துக்கு எதிர்ப்பக்கமாக நடவுங்கள். தண்ணீருக்குள் வரிசை வரிசையாக நட்டிருக்கும் தடிகள் களங்கண்டி வலைகள். ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. படம் எடுக்கலாம், கிட்டப் போய்த் தொட வேண்டாம். ஆழமில்லை என்று தண்ணீருக்குள் இறங்கவும் வேண்டாம். "உதுக்குள்ளை இறங்காதேங்கோ பிள்ளை, சுரி இழுக்கும், திருக்கையும் கிடக்கும்" என்று கரையில் வலை பொத்தும் ஐயாமார் சொல்வார்கள். அவர்கள் சொன்னால் சரியாக இருக்கும்.

அடுத்தது வடமராட்சி. 750 ஆம் இலக்கப் பேருந்தில் நெல்லியடி வழியாகப் பருத்தித்துறைக்குப் போய், அங்கிருந்து ஓட்டோவில் வல்லிபுரம். ஆழ்வார் கோயிலில் கும்பிட்டுவிட்டு மணற்காட்டுப் பக்கம் நடக்கலாம். 1936 இல் எழுத்துப் பொறித்த பொன்னேடு கிடைத்த ஊர் வல்லிபுரம். மணல்மேடுகள், சவுக்கங்காடு, மணலில் புதைந்து பாதி மட்டும் தெரியும் பழைய அந்தோனியார் தேவாலயம் எல்லாம் ஒரே நடையில் பார்த்துவிடலாம். குடாநாட்டில் ஏற்ற இறக்கம் என்று சொல்ல இந்த மணல்மேடுகள்தான் உண்டு. மணலில் ஒரு மைல், தெருவில் இரண்டு மைலுக்குச் சமன். சருகுக்குள் சுருட்டை விரியன் இருக்கும், சிறியது, நிறமும் மணலோடு ஒத்தது. கை வைத்து உட்காருமுன் பாருங்கள். கடித்தால் கட்டுப்போடுவது, கீறுவது எல்லாம் வேண்டாம். 1990 இற்கு அழைத்தால் இலவச அம்பியுலன்ஸ் வரும்.

அதற்குத் தெற்கே நாகர்கோவில் பக்கமும் ஏ9 வீதியில் முகமாலைப் பக்கமும் போரின் முன்னரங்காக இருந்த இடங்கள். முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் பணி பல ஆண்டுகளாக நடக்கிறது. சிவப்புப் பலகை கண்டால் ஒற்றையடிப் பாதை எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் திரும்பிவிடுங்கள். மாடு போன தடம் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள்.

பறவைக்காகப் போகிறவர்களுக்குச் சுண்டிக்குளம். 1938 இல் சரணாலயமாகி, 2015 இல் தேசியப் பூங்காவானது. நவம்பர் முதல் பங்குனி வரை பூநாரையும் தாராக்களும் வரும். பூங்கா எல்லைக்குள் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியோடு போங்கள். நகரிலிருந்து தனியாக வாகனம் பிடித்தால்தான் போய்வரலாம், விடியற்காலையில் அங்கே நிற்க வேண்டும். அவ்வளவு தூரம் போக மனமில்லாதவர்களுக்கு மண்டைதீவு, அராலிக் கரைகளிலும் பூநாரைக் கூட்டம் தென்படுவது உண்டு, மழை நின்று தண்ணீர் வடியும் நாட்களில்.

முழுநாள் கிடைத்தால் நெடுந்தீவு. 776 ஆம் இலக்கப் பேருந்து குறிகாட்டுவானுக்குப் போகும், அங்கிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். முருகைக்கல் அடுக்கிய மதில்கள், மட்டக்குதிரைகள், அடிபருத்த பெருக்கமரம், பழைய கோட்டையின் இடிபாடு என்று ஒவ்வொன்றுக்கும் இடையே வெறும் வெளி. ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் கொண்டு போங்கள், தொப்பியும். நடந்து சுற்ற முடியாது என்று தோன்றினால் துறையிலேயே சைக்கிளோ ஓட்டோவோ பேசிக்கொள்ளுங்கள். வாடை அடிக்கும் நாட்களில் கடல் கொந்தளிக்கும், படகு நின்றுவிடும். ஆகவே இறங்கியவுடன் முதல் வேலையாக, திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று படகுக்காரரிடமே கேட்டு வையுங்கள்.